ஸ்டேஷன் வேகன் புராணம்

கார்ப் பித்தர் ஒருவரிடம், "பணக் கவலையே இல்லை என்றால் என்ன கார் வாங்குவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபெராரி, போர்ஷே என்று ஊரறிந்த பெயர்களை ஒப்பித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, "மனசுக்குள்ளே ஒரு ஸ்டேஷன் வேகன் ஆசை இருக்கு சார்" என்பார். அமெரிக்கப் பித்தராக இருந்தால் ஜாதகத்தையே நீட்டுவார்: நிறம் பழுப்பு, எஞ்சின் டீசல், கியர் கையால் போடுவது. அந்தக் கூட்டம் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் பழைய ஜோக் இது. அதே அமெரிக்காவில் நிஜமாகவே பணத்தோடு ஷோரூமுக்குள் நுழையும் குடும்பஸ்தர், ஸ்டேஷன் வேகனை ஏறெடுத்தும் பார்க்காமல் போய் எஸ்யூவியின் படியில் கால் வைக்கிறார்.

இத்தனைக்கும் அது ஒன்றும் மாயப் பொருள் இல்லை. செடான் காரின் கூரையைக் கடைசிவரை நீட்டி, டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அறையைக் கட்டி, அதற்குக் கண்ணாடி வைத்த பின்கதவு போட்டால் ஸ்டேஷன் வேகன் தயார். இதில் வெறுக்கவும் பக்தி செலுத்தவும் என்ன இருக்கிறது? நூறு வருஷக் கதை இருக்கிறது. படலம் படலமாகவே பார்த்துவிடுவோம்.

மரப் படலம்

1910களின் அமெரிக்கா. வசதி படைத்தவர்கள் கோடைக்கு ரயிலேறி ஊர் ஊராகப் போவார்கள். போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். ஆளுக்கு நாலு டிரங்குப் பெட்டி, தொப்பிக்குத் தனிப் பெட்டி. ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்கு இந்தச் சீர்வரிசையை ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டும். ஹோட்டல்காரர்கள் ஃபோர்டு மாடல் டி காரின் சேஸிஸை மட்டும் வாங்கித் தச்சரிடம் விட்டார்கள். அவர் பலகை அடித்து, பெஞ்சு போட்டு, மேலே கூரை வேய்ந்து கொடுத்தார். பக்கத்துக்குக் கண்ணாடி கிடையாது; மழை வந்தால் கான்வாஸ் திரை. 'டெப்போ ஹேக்' என்று பெயர். பிறவியிலேயே கூலி வேலைக்கு வந்த வண்டி.

அப்புறம் பண்ணை வீடு வைத்திருந்த பணக்காரர்கள், விருந்தாளிகளை அழைத்துவர ஆளுக்கொன்று வாங்கினார்கள். பணக்காரர் வீட்டு வாசலில் நின்றதும் பலகை வண்டிக்குக் கௌரவம் வந்துவிட்டது. 1929இல் ஃபோர்டு தன் மாடல் ஏ வரிசையில் ஸ்டேஷன் வேகனையும் சேர்த்துக்கொண்டது.

ஹென்றி ஃபோர்டு எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. காருக்கு மரம் வேண்டும் என்றால் நீங்களும் நானும் மரக்கடைக்குப் போவோம். அவர் மிச்சிகனின் வடபகுதியில் காட்டையே வாங்கினார். அயர்ன் மவுன்டன் என்ற ஊரில் அறுவை மில் வைத்தார். அறுத்ததில் மிச்சம் விழுந்த கட்டையையும் தூளையும் வீணாக்க மனசு வரவில்லை. கரியாக்கி, அமுக்கிக் கட்டியாக்கி, ஃபோர்டு டீலர்களிடமே விற்பனைக்கு அனுப்பினார். கார் வாங்கு, ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போ, அங்கே அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுத் தின்னு, அடுப்புக்கரியும் நம்ம கடையிலேயே வாங்கு! அந்தத் தொழிலை அமைக்க உதவிய உறவினர் எட்வர்டு கிங்ஸ்ஃபோர்டின் பெயரில்தான் இன்றும் அமெரிக்க மளிகைக் கடைகளில் அடுப்புக்கரி மூட்டை விற்கிறது.

மரக் கார் பார்க்க அழகு. வைத்துக்கொண்டவருக்குத்தான் வேதனை தெரியும். வருஷம் தவறாமல் வார்னிஷ் அடிக்க வேண்டும். மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும், மேடு பள்ளத்தில் கிறீச்சிடும். ஸ்க்ரூ டிரைவரோடு அதை வலம்வருவது அப்பாக்களின் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு.

போருக்குப் பின் 1946இல் வில்லிஸ் நிறுவனம் முழுக்க இரும்புத் தகட்டால் ஆன ஜீப் ஸ்டேஷன் வேகனைக் கொண்டுவந்தது. மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் வடிவமைத்த புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் சனத்தின் நாடி அறிந்தவர். தகட்டின் மேல் மரச்சட்டம் மாதிரி பெயின்ட் அடித்து அனுப்பினார். விற்றது. அடுத்து வந்த ஃபோர்டு கன்ட்ரி ஸ்க்வயரில் மரப் படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். அதுவும் விற்றது. பெரியவர் இருந்தவரை 'எப்போது' என்று காத்திருந்த குடும்பம், அவர் போனதும் படம் மாட்டி மாலை போடுமே, அந்தக் கதைதான். மரத்தின் படத்தை ஒட்டிக்கொண்டு அமெரிக்கா இன்னும் 40 வருஷம் ஓட்டியது.

ஒதுக்கித் தள்ளிய நிஜ மரக் கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள் கலிஃபோர்னியாக் கடற்கரையின் அலைச்சறுக்கு இளைஞர்கள். ஆளைவிட நீளமான பலகை உள்ளே போகும், இரவில் அதற்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம், விலை அநேகமாக ஒன்றுமில்லை. ஸ்டேஷன் வேகன் பக்தர் குழாமின் முதல் தலைமுறை இவர்கள்தான். புதிதாக யாரும் வாங்கவில்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு வரும்போது தேவைப்படும்.

நெடும்பயணப் படலம்

1956இல் ஐசனோவர் கையெழுத்துப் போட்ட சட்டத்தால் நாடு முழுக்க நெடுஞ்சாலை நீண்டது. புறநகர்களில் வீடு முளைத்தது. போருக்குப் பின் வீட்டுக்கு வந்த ஆண்கள் கடமை உணர்வோடு பிள்ளை பெற்றுத் தள்ளினார்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று உருப்படிகள் கூடக்கூட, செடானில் இடம் பற்றவில்லை. ஸ்டேஷன் வேகன் அமெரிக்கக் குடும்ப வாகனமாகப் பட்டாபிஷேகம் செய்துகொண்டது.

டெட்ராயிட் எஞ்சினியர்கள் உற்சாகத்தில் என்னென்னவோ செய்தார்கள். மூன்றாவது வரிசைச் சீட்டைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். முன்னால் அப்பா போகும் ஊரைப் பார்ப்பார்; பின்னால் பிள்ளைகள் விட்டுவந்த ஊரைப் பார்ப்பார்கள். பின்தொடரும் காரின் ஓட்டுநருக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவது, மூக்கைக் கண்ணாடியில் அழுத்துவது, சாண்ட்விச் ரொட்டியை ஒட்டிவைப்பது போன்ற கலைகள் அங்கே வளர்ந்தன. திரும்பி உட்கார்ந்தபடி வளைவுகளில் போய், பின்கண்ணாடி வழியே எஞ்சின் புகையையும் முகர்ந்த குழந்தைகள் வாந்தியெடுக்கும் கலையிலும் தேர்ந்தார்கள்.

பின்கதவுக்கு மட்டும் ஓர் அறிவியல் மாநாடே நடந்தது. 1966இல் ஃபோர்டு 'மேஜிக் டோர்கேட்' என்று ஒன்றைப் போட்டது. கீழ்நோக்கியும் திறக்கலாம், பக்கவாட்டிலும் திறக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் பொறுக்குமா? 1971இல் பின்கண்ணாடி கூரைக்குள்ளும், கதவு தரைக்கடியிலும் வழுக்கிக்கொண்டு மறையும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தது. ஒரு பால் பாட்டிலை வெளியே எடுக்க இவ்வளவு வித்தை. அந்த வண்டிகள் வளர்ந்த வளர்ச்சியையும் சொல்ல வேண்டும். 1970களின் பியூக் எஸ்டேட் வேகன் 5.8 மீட்டர் நீளம், இரண்டே கால் டன் எடை, உள்ளே 7.5 லிட்டர் வி8 எஞ்சின். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுத்தால் உங்கள் நல்லூழ். முன்பம்பர் அடுத்த தெருவுக்குள் நுழையும்போது பின்சீட்டுப் பிள்ளைகள் இந்தத் தெரு ஐஸ் வண்டிக்காரருக்குக் கையசைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் விதை விழுந்தது. பள்ளிக்கூட வாசலில், எல்லாரும் பார்க்க, மர ஸ்டிக்கர் ஒட்டிய இந்த ஊர்திக்குள்ளிருந்து இறங்கிய பிள்ளைகள் மனசுக்குள் சபதம் எடுத்தார்கள்: நான் பெரியவனானால் எதை வேண்டுமானாலும் ஓட்டுவேன், இதை ஓட்ட மாட்டேன். 1983இல் வந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் வெகேஷன்' படம் அந்தச் சபதத்தைத் திரையில் காட்டியது. கன்ட்ரி ஸ்க்வயரை அலங்கோலப்படுத்தி, பச்சைப் பெயின்ட் அடித்து, கண்ட இடத்திலெல்லாம் மரப் படம் ஒட்டி, முகத்தில் எட்டு ஹெட்லைட்டைக் குத்தி, 'வேகன் குவீன் ஃபேமிலி டிரக்ஸ்டர்' என்று பெயர் வைத்து ஓட விட்டார்கள். தியேட்டரில் வயிறு குலுங்கச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே மாதிரி வண்டியில்தான் வீடு திரும்பியிருப்பார்கள்.

சட்டப் படலம்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் படிப்படியாக ஏறி, 1985க்குள் கேலனுக்கு 27.5 மைலைத் தொட வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்துக்குள் ஒரு சந்து வைத்தார்கள். விவசாயிகளும் கொத்தனார்களும் ஓட்டும் இலகு ரக டிரக்குகளுக்குத் தனிக் கணக்கு, தளர்ந்த கணக்கு.

ஸ்டேஷன் வேகன் எந்தப் பக்கம்? செடானிலிருந்து பிறந்தது, ஆகவே கார். எட்டுப் பேரை ஏற்றினாலும் சரி, அலமாரியை ஏற்றினாலும் சரி, கார்தான். அதே எட்டுப் பேரை, அதே அலமாரியை, இன்னும் கனமான வண்டியில் உயரத் தூக்கி வைத்தால் அது டிரக், குடித்துத் தொலைக்கலாம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பதை வாஷிங்டனில் சட்டமாகவே இயற்றிவிட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? இனி மண்சட்டி வியாபாரம்தான் என்று முடிவு கட்டினார்கள்.

இதற்கிடையில் இரண்டு பேர் வேலை இழந்த கதை. ஃபோர்டில் ஹால் ஸ்பெர்லிக் என்பவர், குடும்பங்களுக்கென்று ஒரு குட்டி வேன் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, தாத்தா காட்டையே வாங்கியவராயிற்றே என்று யோசித்திருக்கலாம்; அவரோ ஸ்பெர்லிக்கை வெளியே அனுப்பினார். 1978இல் நிறுவனத்தின் தலைவராக இருந்த லீ அயகோக்காவையும் அனுப்பினார். இருவரும் போய்ச் சேர்ந்த இடம் திவாலின் விளிம்பில் நின்ற கிரைஸ்லர். அரசாங்கம் 150 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்று அதைப் பிழைக்க வைத்தது. 1983 இறுதியில் அங்கிருந்து வந்து இறங்கியது மினிவேன்: டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர். பெட்டி மாதிரி உருவம், தாழ்ந்த சமதளத் தரை, பக்கவாட்டில் சறுக்குக் கதவு, வீட்டு கராஜுக்குள் அடங்கும் உயரம். சட்டப்படி டிரக். பக்கவாட்டில்? மர ஸ்டிக்கர்தான், வேறென்ன.

ஸ்டேஷன் வேகனில் வாந்தியெடுத்தவர்கள் இப்போது அப்பா அம்மா ஆகியிருந்தார்கள். சபதத்தை நிறைவேற்ற மினிவேனுக்கு ஓடினார்கள். அந்த மினிவேனில் வளர்ந்தவர்கள் அது அம்மா வண்டி என்று எஸ்யூவிக்கு ஓடினார்கள். ஃபோர்டு 1990இல் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தது. 1991இல் கன்ட்ரி ஸ்க்வயரை நிறுத்தியது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் பியூக் ரோட்மாஸ்டர், ஷெவர்லே கப்ரீஸ் வேகன்களுக்குக் காரியம் முடித்து, அவற்றைச் செய்த டெக்சாஸ் ஆர்லிங்டன் தொழிற்சாலையை டிரக் வகைகளுக்கு மாற்றியது. ஒவ்வொரு தலைமுறையும் என்ன கார் வாங்கும் என்று கண்டுபிடிக்க நிபுணர் குழு எதற்கு? அப்பா எதை ஓட்டினாரோ, அது தவிர வேறு எதையும் வாங்கும்.

மாறுவேடப் படலம்

ஆனால் தேவை போகவில்லை பாருங்கள். பிள்ளைகள், நாய், மளிகை, சைக்கிள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆகவே ஸ்டேஷன் வேகன் மாறுவேடம் பூண்டது.

1990களின் நடுவில் சுபாரு நிறுவனம் தன் லெகஸி வேகனை எடுத்துச் சற்றே உயர்த்தி, ஓரமெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் கட்டி, 'அவுட்பேக்' என்று ஆஸ்திரேலியப் பாலைவனப் பெயரைச் சூட்டியது. விளம்பரத்துக்கு 'க்ரோகடைல் டண்டி' பட நாயகன் பால் ஹோகனைப் பிடித்தார்கள். முதலைக்கு அஞ்சாதவர் ஓட்டுகிற வண்டி, அப்பா வண்டியாக இருக்க முடியாதல்லவா? வாங்கியவர்கள் பலசரக்குக் கடைக்குத்தான் போனார்கள். போகிற வழியில் முதலை எதுவும் குறுக்கிடவில்லை. 2005 மாடலில் இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சட்டப்படி டிரக் என்ற சான்றிதழையும் வாங்கிவிட்டார்கள். கிரைஸ்லரின் பிடி க்ரூஸரும் அரசாங்க ஏட்டில் டிரக்தான்.

இன்றைக்குக் கிராஸ்ஓவர் என்று விற்கிறதே, அது என்ன? கார் தளத்தின் மேல் நீண்ட கூரை, ஐந்து கதவு, பின்னால் சாமான் அறை. ஸ்டேஷன் வேகனேதான். பொய்க்கால் கட்டி நிற்க வைத்திருக்கிறார்கள். அதனால் காற்றைக் கூடுதலாகக் கிழிக்க வேண்டியிருக்கிறது, எடை மேலே ஏறி வளைவில் சாய்கிறது, நாயைப் பின்னால் ஏற்ற இடுப்பு ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது. பதிலுக்குக் கிடைப்பது உயரமான இருக்கையும், ஏறி இறங்குவதில் முழங்காலுக்குச் சுகமும். முழங்கால் விஷயத்தில் மட்டும் நியாயம் உண்டு. மற்றதெல்லாம் வேஷப் பொருத்தம்.

பக்தர் படலம்

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே பெட்ரோல் விலை கொள்ளை, தெரு குறுகல், ஊர் பழசு. ஸ்வீடனின் வால்வோ 1953இல் 'டூயெட்' என்ற வேகனை, வாரநாளில் கடைச் சரக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கும் ஒரே வண்டி என்று விற்றது. செங்கல்லைப் பார்த்து வரைந்த வால்வோ 240ஐ 1974 முதல் 1993 வரை, வெட்கமே இல்லாமல் அதே செங்கல்லாகச் செய்துகொண்டிருந்தது.

ஜெர்மனியில் பிஎம்டபிள்யூவுக்கு 3 சீரிஸில் வேகன் செய்யும் எண்ணமே இல்லை. அங்கே வேலை பார்த்த மாக்ஸ் ரைஸ்பக் என்பவருக்குக் குடும்பம், சாமான், சைக்கிள் எல்லாம் இருந்தன; வைக்க இடம்தான் இல்லை. அடிபட்ட 3 சீரிஸ் ஒன்றை வாங்கி, நண்பரின் கராஜில் வைத்து வெட்டி, ஒட்டி, கூரையை நீட்டினார். மேலதிகாரிகள் பார்த்தார்கள். வண்டியைப் பறித்துக்கொண்டார்கள். 1987இல் அது 3 சீரிஸ் டூரிங் என்று காட்சிக்கு வந்தது. மனுஷர் விடுமுறைக்குப் போக என்று செய்தது, கம்பெனியின் நிரந்தர வரிசையாகிவிட்டது.

அதன் பிறகு பைத்தியம் முற்றியது. 1994இல் ஆடி ஒரு குடும்ப வேகனை போர்ஷேயிடம் ஒப்படைத்தது. அந்தச் சமயத்தில் நஷ்டத்தில் தத்தளித்த போர்ஷே, வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. தன் பிரேக், தன் சக்கரம், 911இன் பக்கக் கண்ணாடி எல்லாம் மாட்டி, ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினை 315 குதிரைத்திறனுக்கு முறுக்கி, ஆர்எஸ்2 அவான்ட் என்று திருப்பிக் கொடுத்தது. பிரிட்டனின் 'ஆட்டோகார்' பத்திரிகை சோதித்தபோது, நின்ற இடத்திலிருந்து 48 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில் அது மெக்லாரன் எஃப்1ஐ முந்தியது. அன்றைக்கு உலகின் அதிவேகக் காரை, பின்னால் குழந்தைச் சீட்டு மாட்டும் வண்டி முந்துகிறது. பித்தர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அதே வருஷம் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ, பந்தயக் கார் என்ற பெயரில் 850 எஸ்டேட் வேகனை இறக்கியது. மற்ற அணிகள் சிரித்தன. சிரித்ததைப் பார்த்து, அணிவகுப்புச் சுற்றில் பின்பக்கம் ஒரு பொம்மை நாயை உட்கார வைத்து ஓட்டினார்கள். ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அந்த வருஷ சாம்பியன் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். வேகன் ஓடியது எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்காவிலும் அணைகிற விளக்கு பிரகாசித்தது. ரோட்மாஸ்டர் வேகனுக்குக் கடைசி மூன்று வருஷம் கார்வெட் வகை 5.7 லிட்டர் வி8 எஞ்சினைப் போட்டார்கள், மர ஸ்டிக்கரோடு சேர்த்து. 2011இல் காடிலாக், 556 குதிரைத்திறனும் விரும்பினால் கைக் கியரும் கொண்ட சிடிஎஸ்-வி வேகனை விற்றது. பித்தர்கள் இத்தனை காலம் தவமிருந்து கேட்ட வரம். மொத்தம் இரண்டாயிரம்கூடச் செய்யவில்லை. 2014இல் கடையைக் கட்டினார்கள். இன்று பழைய கார்ச் சந்தையில் அதற்கு அடிதடி.

நம் நாட்டிலும் முயன்று பார்த்தார்கள். 1992இல் டாடா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்டூரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2004இல் டாடா இண்டிகோ மரினா. "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே" என்று மச்சினர் ஒருவர் சொன்னால் போதும், முன்பணம் திரும்ப வந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் காரில் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும் என்பது அந்தக் கால மரியாதை. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குட்பட்ட சிறு கார்களுக்கு வரிச்சலுகை வந்ததும் நீளமே பாவமாகிவிட்டது. செடான் டிக்கியையே கத்தரித்த ஊரில் வேகனுக்கு எங்கே வாழ்வு?

நூற்பயன்

புராணம் கேட்டவர்க்குப் பலன் சொல்லாமல் முடிக்கக் கூடாது.

ஸ்டேஷன் வேகன் தோற்றது அதன் குறையால் இல்லை. சாமான் கொள்ளும், சாலையைப் பிடிக்கும், எஸ்யூவியைவிடக் குறைவாகக் குடிக்கும், போலீஸ்காரரின் பார்வை அதன்மேல் விழாமல் நழுவிப் போகும். சட்டம் ஒரு கை பார்த்தது. பிள்ளைகளின் வெட்கம் மறு கை பார்த்தது. பக்தர்களுக்கு அது பிடிப்பதும் இதனால்தான்: வேஷம் போடாத வண்டி, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத வண்டி.

ஆனால் வழக்கில் மூன்றாவது குற்றவாளி அந்தப் பக்தர்களேதான். அலைச்சறுக்கு இளைஞர்கள் முதல் காடிலாக் ரசிகர்கள் வரை இந்தக் குழாம் செய்வது ஒன்றே. புதிதாக வரும்போது கைதட்டும், யாரோ ஒரு பல் டாக்டர் வாங்கி ஓட்டி விலை இறங்கும்வரை காத்திருக்கும், மூன்றாவது கையாக வாங்கிக் கண்ணீர் மல்கும், பிறகு 'கம்பெனிக்காரனுக்கு ரசனை இல்லை' என்று ஏசும். முதல் சொந்தக்காரர் இல்லாத வண்டிக்கு மூன்றாவது சொந்தக்காரர் எங்கிருந்து வருவார்?

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பவே மாட்டேன் என்றிருந்த ஆடி, ஆர்எஸ்6 அவான்ட்டை 2020இல் அங்கே இறக்கியது. பிஎம்டபிள்யூவும் எம்5 டூரிங்கை இப்போது அங்கே விற்கிறது. இரண்டும் கோடீஸ்வரர் விலை. ஆனால் அடுத்த வாடிக்கையாளர்கள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்: எஸ்யூவியின் பின்சீட்டில் உட்கார்ந்து, பள்ளிக்கூட வாசலில் வெட்கத்தோடு இறங்குகிற பிள்ளைகள். அவர்கள் அப்பா ஓட்டுவது எஸ்யூவி.